சேரன் பஸ் எங்கே போச்சு?

குட்டீஸ்! உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கு ஒரு சின்னக் கேள்வி கேட்டுப் பாருங்கள். "அப்பாரு, சேரன் பஸ்ஸுன்னா என்னங்க?" என்று கேளுங்கள். அப்பாரு ஊரில் இல்லையென்றால் அப்புச்சியிடம் கேளுங்கள், அப்பத்தாவிடம் கேளுங்கள். கோவை, பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர்ப் பக்கத்துக்காரர்கள் என்றால் உடனே பதில் வரும். "அது நம்ம கவர்மென்ட் பஸ்ஸுக்கு அந்தக் காலத்துப் பேரு கண்ணு!" என்பார்கள்.

இப்போது கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, வருகிற பஸ், போகிற பஸ் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். எந்த அரசு பஸ்ஸிலும் 'சேரன் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்காது!

பஸ் ஓடுகிறது. டிப்போ இருக்கிறது. டிரைவர், கண்டக்டர் இருக்கிறார்கள். பெயர் மட்டும் காணோம். 1972-ல் வந்த பெயர், 1997-ல் போய்விட்டது. அது எப்படி வந்தது, ஏன் போனது?

இந்தக் கதையில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்ட இளைஞர் ஒருவர் வருகிறார். கரி தின்ற பஸ் வருகிறது. நான்கு ராஜாக்கள் வருகிறார்கள். கொஞ்சம் வருத்தமான பகுதியும் இருக்கிறது. எல்லோரும் ஏறியாச்சா? ரைட்... போகலாம்!

பஸ் என்றால் என்ன அர்த்தம்?

முதலில் 'பஸ்' என்ற சொல்லின் கதையைப் பார்த்துவிடுவோம். கடைசி வரை இது நமக்குத் தேவைப்படும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் சொந்தமாகக் குதிரை வண்டி வைத்திருப்பவர்கள் பணக்காரர்கள்தான். மற்றவர்களுக்கு நடராஜா சர்வீஸ்! 1826-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் நான்ட் நகரில் ஸ்தனிஸ்லாஸ் போட்ரி என்பவர் பெரிய குதிரை வண்டி ஒன்றை ஓட விட்டார். குறிப்பிட்ட பாதையில் அது போய் வரும். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளலாம். அந்த மாதிரி வண்டிகளுக்கு 'ஆம்னிபஸ்' என்று பெயர் வந்தது. லத்தீன் மொழியில் அதற்கு 'எல்லோருக்கும்' என்று பொருள்.

அந்த நீளமான பெயரின் வாலை மட்டும் வெட்டி எடுத்ததுதான் 'பஸ்'. விடுமுறைக்குச் சென்னை போகும்போது 'ஆம்னி பஸ்' என்கிறோமே, அதில் அந்தப் பழைய பெயர் முழுசாகவே இருக்கிறது பாருங்கள்!

பஸ் என்றால் எல்லோருக்கும். இதை மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரைப் பிரித்த இளைஞர்

கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். 1893-ல் அங்கே பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடம் என்றால் அவருக்குக் கசப்பு. ஆனால் இயந்திரம் என்றால் உயிர்!

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானாகவே ஓடுகிறதே! அதே மாதிரி ஒன்றை வாங்கியே தீருவது என்று கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். பைசா பைசாவாகச் சேர்த்து மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பரப்பிவிட்டார்! பிறகு தானே மாட்டி ஓட வைத்தார்.

1920-ல் கோவையின் பெரிய தொழிலதிபரான ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமானது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்பதன் சுருக்கம் அது.

பின்னாளில் அவர் எத்தனையோ கருவிகளைச் செய்தார், தொழிற்கல்வி நிலையங்கள் தொடங்கினார். 1974-ல் மறைந்தார். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டருக்கும் அதிக நீளமான மேம்பாலம் திறக்கப்பட்டதே, அதற்கு வைத்திருப்பது அவருடைய பெயரைத்தான்.

பொள்ளாச்சியின் 21 பஸ்கள்

நாயுடுவைப் போல இன்னும் பலர் பஸ் தொழிலில் இறங்கினார்கள். பொள்ளாச்சியில் 1931-ல் பி. நாச்சிமுத்து கவுண்டர் 21 பஸ்களோடு ஒரு நிறுவனம் தொடங்கினார். பக்கத்தில் உயர்ந்து நிற்கும் ஆனைமலையின் பெயரையே வைத்தார். 'ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட்', சுருக்கமாக ஏ.பி.டி.

அந்தக் காலத்து பஸ் ஓட்டுவது லேசான வேலை இல்லை. சாவியைத் திருகினால் 'டுர்ர்...' என்று கிளம்பிவிடாது. முன்பக்கம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் சொருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். சாலைகளில் பெரும்பாலும் மண்ணும் கல்லும்தான். பயணம் முடிந்து இறங்கினால் தலைமுடி முதல் செருப்பு வரை செம்மண் கலர்!

இருந்தாலும் மக்களுக்கு பஸ் பெரிய வரமாக வந்தது. மாட்டு வண்டியில் ஒருநாள் பிடிக்கிற தூரத்தை சில மணி நேரத்தில் கடக்க முடிந்தது. சந்தைக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம், மேல்படிப்புக்கு நகரத்துக்குப் போகலாம்.

நாச்சிமுத்து கவுண்டருக்குப் பிறகு அவருடைய மகன் நா. மகாலிங்கம் நிறுவனத்தை வளர்த்தார். 'அருட்செல்வர்' என்று கொங்கு நாட்டில் அழைக்கப்பட்டவர் இவர்தான். 1923-ல் பிறந்து 2014-ல் மறைந்தார்.

கரி தின்ற பஸ்

1939 முதல் 1945 வரை இரண்டாம் உலகப் போர் நடந்தது. பெட்ரோல் எல்லாம் போர் விமானத்துக்கும் ராணுவ லாரிக்கும் போய்விட்டது. பஸ்களுக்குக் கிடைப்பது குதிரைக் கொம்பானது. என்ன செய்வது?

பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளையைக் கட்டினார்கள். அதில் அடுப்புக் கரியைக் கொட்டிப் பற்ற வைத்தார்கள்! தமிழ்நாட்டின் சாலைகளில் அப்படியும் பஸ்கள் ஓடின. 'கரி பஸ்' என்று மக்கள் அழைத்தார்கள்.

கரியில் எப்படி பஸ் ஓடும்? கரிக்குப் போதுமான காற்று கொடுக்காமல் எரித்தால், அது முழுசாக எரியாது. கார்பன் மோனாக்சைடு என்ற வாயு கிளம்பும். அது எரியக்கூடிய வாயு. தூசியை வடிகட்டி, சூட்டைத் தணித்து, குழாய் வழியாக இன்ஜினுக்குள் அனுப்பினால் பெட்ரோலுக்குப் பதில் அந்த வாயு எரியும். வண்டி ஓடும். ஆனால் பெட்ரோல் அளவுக்கு வேகம் கிடைக்காது. மேடு வந்தால் பஸ் மூச்சு வாங்கும்!

(கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு. மூடிய அறைக்குள் கரி எரித்தால் உயிருக்கே ஆபத்து. விளையாட்டுக்குக்கூடச் செய்து பார்க்காதீர்கள்.)

நான்கு ராஜாக்கள் வந்தார்கள்

நாடு விடுதலை அடைந்தது. பஸ்கள் பெருகின. கூடவே ஒரு கேள்வியும் எழுந்தது. பஸ் யாருடையதாக இருக்க வேண்டும்?

பஸ் முதலாளி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நிறைய வருகிற பாதையில் பஸ் விட்டால் அவருக்கு லாபம். பத்துப் பேர் மட்டுமே ஏறுகிற மலைக் கிராமத்துக்கு விட்டால் டீசல் காசுகூடத் தேறாது. அவர் எந்தப் பாதையைக் கேட்பார்? முதல் பாதையைத்தான். அப்படியானால் அந்த மலைக் கிராமத்துப் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்கூடம் போவார்கள்?

'பஸ் ஒரு பொதுச் சேவை. லாபப் பாதையில் வருகிற காசை வைத்து நஷ்டப் பாதையிலும் ஓட்ட வேண்டும். அதை அரசுதான் செய்ய முடியும்' என்றார்கள் ஒரு சாரார். 'கஷ்டப்பட்டு ஒருவர் வளர்த்த தொழிலை அரசு எடுத்துக்கொள்வது சரியா? அரசு நடத்தினால் நஷ்டம் வராதா?' என்று கேட்டார்கள் இன்னொரு சாரார். இரண்டு கேள்விகளிலும் நியாயம் இருந்தது.

1971-ல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. 50 பஸ்களும் அதற்கு மேலும் வைத்திருந்த பெரிய நிறுவனங்களின் பஸ்களை இழப்பீடு கொடுத்து அரசே எடுத்துக்கொள்ளும் என்றது அந்தச் சட்டம். 1972-ல் அரசின் போக்குவரத்துக் கழகங்கள் ஒவ்வொன்றாகப் பிறந்தன. அவற்றுக்குப் பழந்தமிழ் அரசர்களின் பெயர்களைச் சூட்டினார்கள்.

சென்னையில் பல்லவன்.
மதுரையில் பாண்டியன்.
கும்பகோணத்தில் சோழன்.
கோவையில் நம்ம சேரன்!

பொள்ளாச்சி ஏ.பி.டி.யின் பஸ்களைக் கொண்டுதான் 1972 மார்ச் 1-ஆம் தேதி சேரன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் ஆயின.

கோவைக்கு ஏன் சேரன் என்று பெயர்? பழங்காலத்தில் கொங்கு நாட்டிலும் சேர மன்னர்கள் ஆண்டார்கள். கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேரர் குலத்து இரும்பொறை மன்னர்களின் பெயர் பொறித்த தமிழ்-பிராமி கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுப் பழமையானது!

பஸ்களைக் கொடுத்துவிட்ட ஏ.பி.டி. என்ன ஆனது? சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. பார்சல் சர்வீஸ், சர்க்கரை ஆலை என்று அந்தக் குடும்பத்தார் வேறு தொழில்களில் வளர்ந்தார்கள்.

விசில் சத்தம் கேட்ட கால் நூற்றாண்டு

சேரன் பஸ் கோவையின் டவுன் பஸ்ஸாக ஓடியது. வெளியூர் பஸ்ஸாக ஓடியது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியும் ஓடியது. கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்தம், இரண்டு விசில் அடித்தால் புறப்பாடு. காலையில் மில்லுக்குப் போகிறவர், காய்கறிக் கூடைக்காரர், கல்லூரி மாணவர், கைக்குழந்தைக்காரர் எல்லோரும் ஒரே படிக்கட்டில் ஏறினார்கள்.

சேரன் வளர வளர, ஒரே கழகமாக நடத்துவது கடினமானது. 1983-ல் ஈரோட்டைத் தலைமையிடமாகக் கொண்டு 'ஜீவா போக்குவரத்துக் கழகம்' பிரிந்தது. விடுதலைப் போராட்ட வீரரும் பொதுவுடைமைத் தலைவருமான ப. ஜீவானந்தத்தின் பெயர் அது. பிறகு ஊட்டியில் பாரதியார் பெயரில் ஒரு கழகம் வந்தது.

இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. தமிழ்நாடு முழுவதும் இருந்த போக்குவரத்துத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தின் துணையோடு ஈரோட்டில் 1984-ல் ஒரு பொறியியல் கல்லூரியும், பெருந்துறையில் 1992-ல் ஒரு மருத்துவக் கல்லூரியும் எழுந்தன. டிரைவர் பிள்ளையும் கண்டக்டர் பிள்ளையும் இன்ஜினியர் ஆக வேண்டும், டாக்டர் ஆக வேண்டும் என்பது அவர்கள் கனவு. அந்த இரண்டு கல்லூரிகளும் பின்னர் அரசுக் கல்லூரிகள் ஆகிவிட்டன.

பெயர் போன கதை

இனிமேல்தான் அந்த வருத்தமான பகுதி.

ஆண்டுகள் போகப் போக, மற்ற மாவட்டங்களிலும் புதுப்புதுக் கழகங்கள் பிறந்தன. கட்டபொம்மன், மருது பாண்டியர், தீரன் சின்னமலை, ராணி மங்கம்மாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர் அல்லது வீரர் பெயர். எந்தப் பிரச்னையும் இல்லை.

1997 மே மாதம் விருதுநகரில் ஒரு புதிய கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு வீரன் சுந்தரலிங்கம் என்று பெயர் வைத்தார்கள். சுந்தரலிங்கம் யார்? கட்டபொம்மனின் தளபதி. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு 1799-ல் உயிர் கொடுத்தவர். சாதியின் பெயரால் காலங்காலமாக ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு சமூகத்தில் பிறந்தவர்.

நாட்டுக்காக உயிரையே கொடுத்தவர் பெயர் ஒரு பஸ்ஸில் இருந்தால் பெருமைதானே? ஆனால் சிலர், 'அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம்' என்றார்கள். அவருடைய வீரத்தில் அவர்கள் குறை சொல்லவில்லை. அவர் பிறந்த சாதியைத்தான் பார்த்தார்கள். தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. பஸ்கள் நொறுங்கின. மனித உயிர்களும் போயின.

கலவரத்தை அடக்க அரசு 1997 ஜூலையில் ஒரு முடிவெடுத்தது. 'இனி எந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கும், எந்த மாவட்டத்துக்கும் தலைவர்கள் பெயர் வேண்டாம்' என்றது. சுந்தரலிங்கம் பெயர் போனது. கட்டபொம்மன் பெயரும் போனது. எங்கோ நடந்த சண்டையால் கோவையில் சேரனும், ஈரோட்டில் ஜீவாவும், ஊட்டியில் பாரதியாரும் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். சேரன், 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், கோவை கோட்டம்-1' ஆனது. பெரியார் மாவட்டம் என்று இருந்தது ஈரோடு மாவட்டம் ஆனது.

'பெயர்களை எடுத்ததால் சண்டைக்கான காரணம் போனது, நல்லதுதான்' என்றார்கள் சிலர். 'ஒரு பெயரை மதிக்க மறுத்தவர்களுக்குப் பயந்து எல்லாப் பெயர்களையும் எடுப்பதா?' என்று வருத்தப்பட்டார்கள் சிலர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? வகுப்பில் நண்பர்களோடு பேசிப் பாருங்கள்.

பஸ்ஸில் ஏற ஒரு போராட்டம்

பஸ்ஸில் இப்படி ஒரு சிக்கல் வந்தது முதல் முறை அல்ல.

தமிழ்நாட்டில் பஸ்கள் ஓடத் தொடங்கிய காலத்தில், ஒதுக்கப்பட்ட மக்களை ஏற்ற மறுத்த பஸ்கள் இருந்தன. டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன் என்பவர் ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது கண்டிப்பாகச் சொன்னார். 'எல்லோரையும் ஏற்றாத பஸ்ஸுக்கு உரிமம் ரத்து!' இதில் ஓர் ஆச்சரியம் பாருங்கள். விருதுநகர் அப்போது அந்த ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது.

அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் பஸ்ஸின் பின்பக்கம்தான் உட்கார வேண்டும் என்று விதி இருந்தது. 1955 டிசம்பர் 1-ஆம் தேதி ரோசா பார்க்ஸ் என்ற தையல் வேலை செய்யும் பெண், வெள்ளைக்காரருக்காகத் தன் இருக்கையை விட்டு எழ மறுத்தார். அவரைக் கைது செய்தார்கள். அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தார்கள்! கடைசியில் நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மான்ட்கோமரி மக்கள் பஸ்ஸில் ஏறாமல் இருந்தது, எல்லோரும் சமமாக உட்கார வேண்டும் என்பதற்காக. 1997-ல் சிலர் ஏற மறுத்தது, எல்லோரும் சமம் என்பதை ஏற்க முடியாமல். இரண்டுமே பஸ்ஸில் ஏறாத கதைதான். ஆனால் எவ்வளவு வித்தியாசம்!

சேரன் இப்போது எங்கே?

கோவை, ஈரோடு, ஊட்டி கோட்டங்கள் பின்னர் ஒன்றாகச் சேர்ந்தன. இன்று தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கோவைப் பிரிவாக அவை ஓடுகின்றன. தலைமை அலுவலகம் கோவை மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிறது. உங்களில் பலர் இலவச பஸ் பாஸில் பள்ளிக்கூடம் போவதும் இந்தப் பஸ்ஸில்தான். 2021 மே மாதம் முதல் உங்கள் அம்மாவும் அப்பத்தாவும் சாதாரண டவுன் பஸ்ஸில் காசில்லாமல் போவதும் இந்தப் பஸ்ஸில்தான்.

சரி, நான்கு ராஜாக்கள் எங்கே போனார்கள்? தண்டவாளத்தில் தேடுங்கள்! கோவையிலிருந்து சென்னைக்கு இரவில் கிளம்பும் ரயிலின் பெயர் சேரன் எக்ஸ்பிரஸ். மதுரைக்குப் பாண்டியன், காரைக்குடிக்குப் பல்லவன், திருச்சிக்குச் சோழன். பஸ்ஸில் பெயரை இழந்த நான்கு பேரும் ரயிலில் ஜம்மென்று போய் வருகிறார்கள்!

யு.எம்.எஸ். பஸ், ஏ.பி.டி. பஸ், சேரன் பஸ் என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. முதலாளி மாறினார், அரசு வந்தது, பலகை மாறியது. மாறக் கூடாத ஒன்று உண்டு. முதலில் மனதில் முடிந்து வைக்கச் சொன்னோமே, அதுதான். பஸ் என்றால் எல்லோருக்கும்.

நாளைக்குப் பஸ்ஸில் ஏறும்போது பக்கத்தில் இடம் இருந்தால், நிற்பவர் யார், எந்த ஊர் என்று பார்க்காமல் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுங்கள்.

குட்டிக் குட்டிச் செய்திகள்

* கோவை அரசு பஸ்களின் நம்பர் பிளேட்டில் 'டிஎன் 38 என்' என்று இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 38 என்பது கோவையின் ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலக எண். 'என்' என்ற எழுத்து அரசு பஸ்களுக்கென்றே உள்ளது. ஈரோட்டு பஸ் என்றால் 33, ஊட்டி பஸ் என்றால் 43. இனி எந்த ஊர் பஸ் என்று நீங்களே சொல்லிவிடலாம்!

* சென்னை தியாகராய நகரின் 'பாண்டி பஜார்' பெயர் எப்படி வந்தது தெரியுமா? எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றச் சொன்ன அதே சௌந்திரபாண்டியன் பெயரிலிருந்துதான்.

* கோவை அவிநாசி சாலையில் 2015 முதல் ஜீடி கார் மியூசியம் இருக்கிறது. பழைய கால கார்களைப் பார்க்க ஆசையா? விடுமுறையில் போய் வாருங்கள்.

* பொள்ளாச்சியில் 1957-ல் தொடங்கிய நாச்சிமுத்து பாலிடெக்னிக் கல்லூரி, ஏ.பி.டி.யைத் தொடங்கியவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.